மூடுபனி: அதிகபட்சம்

எட்டு வருஷத்துப் பெட்டி.
திறந்தால்
விசிறி இறகுகளில் கம்பளி போலத் தூசி,
அடியில் ஒரு விட்டில்,
செத்து எத்தனை மழைக்காலமோ.
பிராசஸர் தலையில் பூசிய களிம்பு
சுண்ணாம்பாகக் காய்ந்து
நகம் பட்டதும் உதிர்ந்தது.

பெட்ஃபோர்டில் ஒரு கடை உண்டு.
பிரிண்டருக்கு மை கிடைக்கும்.

"அக்கா, ஏன் நின்னுட்டீங்க?"
ஹெட்செட்டில் போஜராஜ், கோத்தகிரியிலிருந்து.
"நான் நிக்கலடா, படம் நின்னுடுச்சு."
மறுபடி அது நகரும்போது
மண்ணில் கிடப்பேன்,
எப்போது விழுந்தேன் என்று தெரியாமலே.

பகலில் எனக்கு எக்ஸ்ரே அறை.
"மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க."
அங்கே அசையாமல் நின்றால்தான் படம்.
இரவில் நின்றால் சாவு.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கினேன்.
ஒரு டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை
ஏறிக்கொண்டிருந்த வரைபடம்
எஸ்எஸ்டியில்
சர்க்கரை கலக்கும் முன் திறந்தது.
பிறகு ராம். எட்டு, பதினாறாயிற்று.
சம்பளத் தேதிக்கு ஒன்றாக,
சீட்டுக் கட்டுகிற மாதிரி.

கார்டுதான் பெரிய செலவு.
உக்கடத்தில் இம்தியாஸ் என்றொருவர்
போனில் சத்தியம் செய்தார்:
"மைனிங்ல ஓட்டினதில்ல மேடம்,
பையன் கேம் ஆடினது,
பிளஸ் டூ பரீட்சை, அதான் விக்கறேன்."
முகம் தெரியாத அந்தப் பையனுக்காக
பேரம் பேசாமல் விட்டேன்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி
பர்லியாறில் டிரைவர் டீ குடிக்கக் காத்திருந்து
கொண்டை ஊசிதோறும் உருண்டு
பழைய வேட்டி சுற்றிய அட்டைப்பெட்டியில் வந்தது.

பெட்டிக்குள் நீளம் அடங்கவில்லை.
டிஸ்க் இருந்த தகரக் கூட்டை
ஞாயிறு பூராவும் பிளேடால் அறுத்தேன்.
கீழ்வீட்டு ஸ்டெல்லா மேரி படியேறி வந்து
"குழாய் உடைஞ்சிடுச்சா?" என்றார்.
"இல்லைங்க, கம்ப்யூட்டர்."
அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை.
கடைசி வட்டம், இன்னும் மூன்று பேர்தான் பாக்கி,
சொடக்கென்று இருட்டு.
தைல மரம் விழுந்து லைன் போய்விட்டதென்று
மெழுகுவத்தி தேடினேன்.
தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மறுமாதம் அறுநூற்றைம்பது வாட்.

கீழே சமவெளியில்
தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்களாம்.
நான் ஜன்னலைத் திறக்கிறேன்.
ஐம்பத்தெட்டு டிகிரியைத் தாண்டியதில்லை.
விரல்தான் விறைக்கும்.
மூடுபனி உள்ளே எட்டிப் பார்க்கும் நாளில் மட்டும்
சாத்திவிட வேண்டும்,
ஈரம் போர்டுக்கு ஆகாது.

நேற்று எல்லாம் பொருத்தி
அமைப்புகள் பக்கம் போனேன்.
இத்தனை வருஷம்
குறைவு, குறைவு, அணை
என்றே கிடந்த வரிசை.
நிழல்: அதிகம்.
புல்: அதிகம்.
மூடுபனி: அதிகபட்சம்.
அறுபது ஃபிரேம். எண் இறங்கவே இல்லை.

பள்ளத்தாக்கில் வெள்ளையாக நிரம்பி
பாலத்தின் மேலே வழிந்து
அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.
"எவ்வளவு அழகுடா" என்றேன்.
"அக்கா, எதிரி எங்க?"

தெரியவில்லை.
எதிரி, பாலம், என் துப்பாக்கி முனை,
எதுவும் தெரியவில்லை.
மட்டமான கணினியில்
மொட்டையாக, பளிச்சென்று இருந்த ஊர் அது.
எந்தப் புதருக்குள் எவன் என்று மனப்பாடம்.

பின்னாலிருந்து சுட்டார்கள்.
இந்த முறை விழுவது முழுசாகத் தெரிந்தது.
முழங்கால் மடிந்து, தோள் சாய்ந்து,
கை கடைசியாக,
ஒரு ஃபிரேம்கூட விடாமல்.

போஜராஜ் சிரித்து முடித்துவிட்டு
"அந்தப் பழைய கார்டை என்ன பண்ணப் போறீங்க?"
"ஏன்டா?"
"சும்மா."
"ஆயிரத்தைந்நூறு. மைனிங்ல ஓட்டினதில்ல."
"அக்கா!"
சனிக்கிழமை கோத்தகிரி பஸ்ஸில்
ஏற்றிவிடுவதாகப் பேச்சு. காசு அப்புறம்.

மூடுபனியை ஒரு படி இறக்கினேன்.
பாலம் வந்தது.
ஜன்னலுக்கு வெளியே
எதிர்மலை இல்லை,
சிம்ஸ் பூங்கா விளக்கும் இல்லை.
ஏழரைக்கு டியூட்டி.
இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.