நிலை அறிக்கை

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
டெல்பர்ட் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனான்:
போர்வை ஒன்று, நெற்றிமுகப்பு ஒன்று,
கழுத்து ஒட்டவைத்த கிலுகிலுப்பை ஒன்று.
பிக்கப் வண்டியின் முன்னிருக்கையில் வைத்து
சீட் பெல்ட் மாட்டினான்.

அன்றிரவு தவளைக் குடியின் விருந்து.
இறந்தவரின் பெயர்
ஓராண்டாக ஆளில்லாமல் கிடந்தது.
யாராவது அதை உடுத்தியாக வேண்டும்.

திங்கள் காலை, குனிந்து நுழையும் வாசலில்
ஸ்கீனா ஆற்றின் மூடுபனி
எனக்கு முன்னால் உள்ளே போனது.
தேவதாருப் பலகைகள் முனகின.
காப்பீட்டுக்காரர் அதற்குச் சுருக்கம், விரிவு என்று
இரண்டு காரணம் எழுதிப்போயிருக்கிறார்.

மேசையில் போர்வையை விரிக்கிறேன்.
கருநீலக் கம்பளி, சிவப்புக் கரை.
நடுவே சிப்பிப் பொத்தான்களால் ஒரு தவளை
தொடை மடித்து, இதோ தாவுகிறேன் என்று.

பழைய கறை?
மாவு. விருந்து குற்றமாயிருந்த ஆண்டுகளில்
இது மாவுப் பீப்பாயின் அடியில் படுத்திருந்தது.
வாசனை?
புகை, காப்பி, மூஸ் இறைச்சிச் சூப்பு,
யாருடையதோ கழுத்து வேர்வை.
கடற்சிங்க மீசை மயிர்?
இருபத்திரண்டு. எண்ணிவிட்டேன்.

சேதம்?
கீழ்விளிம்பில் பதினேழாவது பொத்தான் சிப்பி அல்ல,
நான்கு துளையிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக்.
ஆட்டத்தில் பழையது தெறித்துவிட்டதாம்.
நாற்காலிகளுக்கடியில் முழந்தாளிட்டு
பாதிக் கூடம் தேடியும் கிடைக்கவில்லையாம்.
ஓநாய்க் குடி மேவிஸ்
தன் சட்டைக்கையில் இருந்ததைப் பல்லால் பிய்த்து
அங்கேயே தைத்தாளாம்.
"கூலி இருபது டாலர்,
எல்லார் முன்னாலும் எண்ணிக் கொடுத்தோம்.
அதைப் பிரித்துவிடாதே," என்றான் டெல்பர்ட்.

மேவிஸ் என் அக்கா.
மார்ச் மாதத்திலிருந்து பேச்சில்லை.
அவள் வருவாள் என்பதால்
நான் விருந்துக்குப் போகவில்லை.

அந்நியப் பொருள்?
மடிப்பில், கரையில், தவளையின் கண்ணில்
கழுகின் மென்தூவி.
தலைவர் ஆடும்போது நெற்றிமுகப்பின் உச்சியிலிருந்து
அவிழ்ந்து பறப்பது.
யார் மேல் விழுகிறதோ அவருக்கு
அதன்பின் சண்டையில்லை.
அது வேண்டுதல் இல்லை, சட்டம்.

எங்கள் விதி வேறு:
தூரிகை, வாக்குவம் கிளீனர்,
பிறகு பூச்சிக்காக இரண்டு வாரம் உறைபெட்டி.

வயரைச் செருகுகிறேன்.
பிடுங்குகிறேன்.
கருப்பு ஸ்வெட்டரின் முழங்கையில் ஒரு தூவி.
ஊதுகிறேன். எழுந்து, யோசித்து,
அதே இடத்தில் உட்காருகிறது.

அந்நியப் பொருள்: இல்லை, என்று எழுதுகிறேன்.
பதினேழாவது பொத்தானுக்கு எதிரே
பொருள், பிளாஸ்டிக்.
கொடுத்தவர், மேவிஸ்.
முகவரிக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
வீடு மாறிவிட்டாள் என்று கேள்வி.
கேட்டுத்தான் எழுத வேண்டும்.