நோர்வூட்டில் பூட்டிய தாடை

மஸ்கெலியாவிலிருந்து திரும்பும் ஒன்பதரை பஸ்.
"நோர்வூட்" என்று கூவ வாய் திறந்தேன்.
"நோர்" வந்தது.
மிச்சம் வரவில்லை.

வாய் அப்படியே நின்றுவிட்டது,
கொக்கி கழன்ற பின்கதவு மாதிரி.
இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள்.
ஒரு பொடியன் என் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தான்.
மீதி கேட்டவளுக்கு
எச்சில் ஒழுக எண்ணிக் கொடுத்தேன்.
விமலசேன கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்,
பிறகு சிரிக்கவில்லை.
டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டார் பஸ்ஸை,
முப்பத்தெட்டுப் பேரோடு.

டொக்டர் நஸ்ரியா
துணி சுற்றிய இரண்டு கட்டைவிரலையும்
கடைவாய்ப் பல்மேல் ஊன்றி
கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார்.
காதுக்குள் ஒரு கியர் விழுந்தது.
நான் சொன்ன முதல் சொல்:
"வூட்."

சாப்பிடும்போது காதடியில் 'டிக்' என்று கேட்குமா?
கேட்கும், நாலு வருஷமாய்.
காலையில் பொட்டு நோகுமா?
நோகும்.
ராத்திரி பல் கடிப்பீங்களா?
நான் தூங்குகிறவன், எனக்கெப்படித் தெரியும்.
பக்கத்துக் காம்பிராவில் கேட்டால் தெரியும்;
சுவர் கூரை வரைக்கும் போகவில்லை.
எலி என்று நினைத்து
அவர்கள் பொறி வைத்திருந்தார்கள்.

வெற்றிலையை விடு.
ரொட்டியைப் பிளேன்டீயில் ஊறவைத்துத் தின்.
காதுக்கு முன்னால் சுடுதண்ணித் துணி, பத்து நிமிஷம்.
கொட்டாவி வந்தால் நாடிக்கு அடியில் கை கொடு.
"உதடு சேரட்டும். பல்லுக்குப் பல்லோடு என்ன வேலை?
சாப்பாட்டு நேரம் தவிர தொடவே கூடாது.
நாக்கு நுனி மேலே கிடக்கட்டும்,
'ன' சொல்லப் போய்
சொல்லாமல் விட்ட மாதிரி."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.
வளைவு வந்தால் கடிக்கிறேன்.
எதிரே கொழுந்து லொறி வந்தால் கடிக்கிறேன்.
செக்கிங் ஏறினால்,
ஐயாயிரம் தாளை நீட்டி ஒருவர் டிக்கோயா கேட்டால்,
தங்கச்சி வீட்டு லோன்காரன் பெயரை
போனில் பார்த்தால்.
ஸ்டியரிங் விமலசேனவிடம்;
பிரேக் என் பல்லில்.
பதினோரு வருஷம் இந்த மலையிலிருந்து
இந்த பஸ்ஸை
நானும்தான் பிடித்து இறக்கியிருக்கிறேன்.

முழுதாய்ச் சுகமில்லை.
பனி இறங்கும் நாளில் 'டிக்' உண்டு.
நோர்வூட்டுக்கு இப்போது கூவுவதில்லை,
தகரத்தில் இரண்டு தட்டு;
இறங்குகிறவர்களுக்கு விளங்கும்.

பக்கத்துக் காம்பிராவில்
பொறியை எடுத்துவிட்டார்கள்.
மாசக் கடைசியில் மட்டும்
திரும்பவும் வைக்கிறார்கள்.