பெங்குவின் கடக்கும்வரை

காலை ஆறு நாற்பது.
ஏழு மணிக்குப் படகு.
கணினி சொன்னது: அப்டேட் ஆகிறது, அணைத்துவிடாதீர்கள்.
இருபத்தேழு சதவீதம்.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
வரிசையில் நின்றவர்களின் தொப்பிகளை
ஒவ்வொன்றாகக் கழற்றி
நீரிணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.
ஐம்பத்து நான்கு பேர்.
பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சிட்டு
கடற்படை அலுவலகத்தில் முத்திரை வாங்காமல்
கயிற்றை அவிழ்க்கக் கூடாது.
இருபத்தேழு சதவீதம்.

கையால் எழுதினேன்.
ஒரு டச்சுக்காரரின் குடும்பப் பெயருக்கு மட்டும்
இரண்டு வரி பிடித்தது.
கேப்டன் பர்ரியா கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
அதுதான் மோசம்.

அன்றிரவே பென் டிரைவைச் செருகினேன்.
முழு வட்டையும் அழிக்கலாமா என்று கேட்டது.
வீட்டைக் கொளுத்தட்டுமா என்று
இத்தனை மரியாதையாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
எழுந்து போய் ஒரு மாத்தே போட்டுக் குடித்தேன்.
இன்னொன்றும் குடித்தேன்.
பிறகு, சரி என்றேன்.

வைஃபை இல்லை.
வைஃபைக்கான டிரைவர் இணையத்தில் இருக்கிறதாம்,
இணையத்துக்குப் போக வைஃபை வேண்டுமாம்.
பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.
போனைக் கேபிளால் கட்டி
பழுதான படகை இழுத்து வருவதுபோல்
இழுத்து வந்தேன்.

கறுப்பு ஜன்னல் பாஸ்வேர்டு கேட்டது.
தட்டினேன்.
ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டு செத்துவிட்டதென்று
தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன்;
ரொட்டித் துகள் விழுந்தது.
அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம்,
முகத்தில் காட்டாமல்,
என் தங்கை த்ராகித்சாவைப் போல.

முதல் வாரம்
'ஞ' இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி உட்கார்ந்திருந்தது.
திருவாளர் பெஞாவும் மனைவியும்
பெ;ஆ என்று பயணம் செய்தார்கள்.
பாறை என்று பொருள்தரும் பெயர்,
நடுவில் விரிசலோடு
முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.
அதிகாரி எதையும் வாசிப்பதில்லை என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

பிரிண்டரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஏழு வருடம் திங்கள்தோறும் என்னோடு மல்லுக்கட்டிய பிரிண்டர்.
செருகினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
தாள் வந்தது.
திரும்பவும் செருகிப் பார்த்தேன்,
ஏதோ தப்பு நடந்திருக்கவேண்டும் என்று.

மூடியை மூடினால் மட்டும் சில நாள் எழுவதில்லை.
இதற்கு நான் மருந்து தேடவில்லை.
மூடுவதை விட்டுவிட்டேன்.

முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துப் பயணிகள் சிரிக்கிறார்கள்:
அட, பெங்குவின்! என்ன பொருத்தம்!
நான் பதில் சொல்வதில்லை.
இது குளித்துத் துடைத்து,
தொப்பை தெரிய,
மஞ்சள் கால்களை நீட்டி அமர்ந்திருக்கிறது.
மக்தலேனா தீவில் இருப்பவை நாறும்.
கழுதைபோல் கத்தும்.
கை நீட்டினால் கடிக்கும்;
அதற்கான பஞ்சும் பிளாஸ்திரியும்
இரண்டாவது இழுப்பறையில்.

தீவில் ஒரு விதி உண்டு.
பெங்குவின் பாதையைக் கடந்தால் நாம் நிற்கவேண்டும்.
அமைச்சரானாலும் சரி.
வளைக்கும் கடலுக்கும் நடுவே
அது நின்று யோசித்தால்
யோசித்து முடியும்வரை.

இங்கே, திரையின் மூலையில்
ஒரு சிறு புள்ளி:
நாற்பத்தொரு அப்டேட்கள் காத்திருக்கின்றன.
ஆறு நாற்பது.
பட்டியல் அச்சாகிறது.
புள்ளி நிற்கிறது.
நான் கடந்து போகிறேன்.

பர்ரியா கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்:
அதில் சீட்டாட்டம் இருக்கிறதா, நெவென்கா?
இருக்கிறது.
பழைய மாதிரியேவா?
இல்லை. சீட்டின் முதுகு வேறு.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு கயிற்றை அவிழ்க்கப் போனார்.