உண்மைச் சம்பவத்தைத் தழுவியது

முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து
போர்ட் அகஸ்டாவில் அந்தப் படத்தைப் பார்த்தேன்.
கடைசி வரிசை.
'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று எழுத்து வந்ததும்
முன்னால் ஒரு பையன் பாப்கார்ன் மெல்வதை நிறுத்தினான்.
பிறகு மென்றான்.

படத்தில் எல்லாமே இரவில்.
நடந்தது காலை பத்தேகால்.
பெப்ரவரி மாதம், பம்ப்பின் கைப்பிடியைத்
துணி சுற்றித்தான் தொட முடியும்.
அவ்வளவு வெளிச்சத்தை எப்படிப் படமெடுப்பது,
யாருக்குப் பயம் வரும்?

அவனுக்கு ஒரு தொப்பி வைத்திருக்கிறார்கள்.
ஒரு சிரிப்பும் கொடுத்திருக்கிறார்கள்,
கேட்டால் நாய் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொள்ளும்.
என் கடைக்கு வந்தவன் சிரித்து நான் பார்த்ததில்லை.
மூக்குத் தோல் உரிந்திருக்கும்.
வியாழக்கிழமை வருவான். இரண்டு மூட்டை ஐஸ்,
கோதுமை ரொட்டி, பேட்டரிக் கட்டைகள்.
சில்லறையை எண்ணி அடுக்கி வைப்பான்.
ஒருமுறை என் ஜெனரேட்டர் நின்றுபோய்
ஃப்ரீசரிலிருந்த இறைச்சியெல்லாம் வியர்த்தபோது
விடியவிடியக் குனிந்து கிடந்து ஓடவைத்தான்.
காசு வேண்டாம் என்றுவிட்டான்.

ஃபெம்கே, யூஸ்ட்.
பெயர்களைப் பிறகு போஸ்டரில்தான் படித்தேன்.
அன்று அவர்கள் வெறும் இரண்டு முதுகுப்பைகள்.
அவள் தலையில் ஈரத் துண்டு,
தண்ணீர் பாட்டில் விலைக்கு என்னோடு சண்டை.
லாரியில் வருகிறது பெண்ணே, வானத்திலிருந்து அல்ல என்றேன்,
கொஞ்சம் கடுப்பாகவே.
அவன் வாசலில் உட்கார்ந்து
காலுறையில் ஒட்டிய முட்களை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
சிட்னியில் யாரோ தலையில் கட்டிய பழைய ஃபால்கன்,
பின்கதவுக்குக் கயிறு,
ஃபேன் பெல்ட் பன்றிக்குட்டிபோல் கத்தியது.

இங்கே மெக்கானிக் யாராவது உண்டா?

ஐஸ் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தவனை
நான்தான் கைகாட்டினேன்.
அவரைக் கேளுங்கள்.
நல்ல மனுஷன்.

படத்தில் அந்தக் காட்சி இல்லை.
கல்லாவுக்குப் பின்னால் ஒருத்தியே இல்லை.
இருட்டில் உட்கார்ந்து
அதற்காக ஒரு நொடி நன்றி சொன்னேன்.
யாருக்கு என்று தெரியவில்லை.

கான்ஸ்டபிள் டெனெஹி கேட்டார்:
எத்தனை மணி, வண்டி என்ன நிறம்,
எந்தப் பக்கம் போனார்கள்.
யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.
கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.
கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை,
இன்னொன்று தந்தார்.

வழக்கு முடிந்த குளிர்காலத்தில் அவள் அம்மா வந்தாள்,
லேவார்டனிலிருந்து,
எங்கள் ஊர்க் குளிருக்குத் தேவையில்லாத தடித்த கோட்டில்.
கடையை வெகுநேரம் பார்த்தாள்.
என் மகள் இங்கே ஏதாவது சாப்பிட்டாளா?
ஒரு பை சாப்பிட்டாள், சாஸ் நிறையக் கேட்டாள் என்றேன்.
ஆமாம், ஆமாம், அவள் அப்படித்தான் என்று
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
கைகாட்டிய அதே கையை.
தொண்டைவரை வந்தது.
அவளுக்கு இன்னொரு தேநீர் ஊற்றினேன்.

இப்போது படம் பார்த்த பிள்ளைகள் வருகிறார்கள்.
இங்கேதானா என்கிறார்கள்.
பம்ப்பைக் கட்டிக்கொண்டு
கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து போட்டோ.
இங்கே இல்லை, இன்னும் வடக்கே என்பேன்.
இன்னும் வடக்கே இருப்பவரும்
தெற்கே என்றுதான் சொல்வாராம்.

ஐம்பத்தெட்டு வயதில் ஃபேன் பெல்ட் மாற்றக் கற்றேன்.
ரேடியேட்டர் குழாய், ஸ்பார்க் பிளக்,
அவசரத்துக்குக் கிளட்ச் கேபிளும்.
மெக்கானிக் உண்டா என்றால்
கடையைப் பூட்டிவிட்டு
பானட்டைத் திற என்பேன்.

போன சனிக்கிழமை ஒரு கொரியப் பையன்,
வேனில் கித்தாரும் ஒரு தூங்கும் பெண்ணும்.
நாற்பது நிமிடம் பிடித்தது.
பெல்ட் சத்தமில்லாமல் சுற்றியது.
எவ்வளவு தரவேண்டும் என்றான்.
ஒன்றும் வேண்டாம் என்று வாய்வரை வந்தது.

எழுபது டாலர் என்றேன்.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.