வட்டத்தின் மேல் வட்டம்

தல்காவானோவில் ஜூலை முழுக்க வடகாற்று.
மழை மேலிருந்து கீழே விழாது,
பக்கவாட்டில் வந்து சன்னலைத் தட்டும்.
கப்பல் பட்டறையின் மாடியில்
பதினோரு வருடமாகக் கோடு போடுகிறேன்.
கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்:
எண்ண முடியாத தொலைவில்.

அங்கிருந்து பார்த்தால்
கிட்டமும் இல்லை, எட்டமும் இல்லை.
கதிர்கள் ஒன்றையொன்று தொடாமல்
நேராக வந்து தாளில் குத்தி நிற்கும்.
துறையை விட்டுப் போகும் படகு
சுருங்கிச் சுருங்கி ஓர் அரிசியாகும்,
பிறகு அரிசியும் இல்லை.
என் தாளில் அது பதினெட்டு மீட்டர்தான்,
எவ்வளவு தூரம் போனாலும்.

விலை உண்டு இதற்கு.
முன்தோற்றத்துக்கு ஆழம் தெரியாது.
மேல்தோற்றத்துக்கு உயரம் தெரியாது.
பக்கத்தோற்றத்தைக் கேட்டால்
அகலமா, அப்படி ஒன்று உண்டா என்கும்.
மூன்று சாட்சிகளையும் அருகருகே நிறுத்தி
நாற்பத்தைந்து பாகையில் ஒரு சாய்கோடு இழுத்து
ஒருவர் சொன்னதை அடுத்தவர் வீட்டுக்கு
நான்தான் சுமக்க வேண்டும்.
உள்ளே மறைந்திருப்பதை
விட்டு விட்டுத்தான் சொல்ல முடியும்:
மூன்று மில்லிமீட்டர் கோடு,
ஒரு மில்லிமீட்டர் மௌனம்.

சியாட்டிலிலிருந்து ஒரு வரைபடம் வந்தது,
'பார்தேலா' படகின் பம்புக்கு ஒரு தாங்கி.
அதை எங்கள் தாளுக்கு மாற்ற வேண்டும்.
எங்கள் பழக்கம் முதற்கோணம்:
பொருளுக்குப் பின்னால் சுவர்,
இடமிருந்து பார்த்தது வலச்சுவரில் விழும்.
அவர்களுடையது மூன்றாங்கோணம்:
பொருளுக்கு முன்னால் கண்ணாடிப் பலகை,
வலமிருந்து பார்த்தது வலத்திலேயே நிற்கும்.
இரண்டில் எது என்று சொல்ல
மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட்டிருப்பார்கள்,
தலை வெட்டிய கூம்பு ஒன்று,
அருகே ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு வட்டம்.
அந்த மூலையில்தான்
மூன்று நாளும் என் தேநீர்க் கோப்பை இருந்தது.
எடுத்தபோது
மூன்றாவது வட்டம்.

நொல்பெர்த்தோ ஒயார்சூன்
மேலங்கி சொட்டச் சொட்டப் படியேறி வந்து
இரும்பை மேசையில் வைத்தார்.
"எதுவிஹிஸ், உட்கார மாட்டேன் என்கிறது."
துளைகள் சரி. கனம் சரி.
அளவுகள் ஒன்றும் மயிரிழை பிசகவில்லை.
முன்னால் இருக்க வேண்டிய காது மட்டும்
பின்னால் இருந்தது.
திருப்பிப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம்.
இடக்கால் செருப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும்
வலக்காலுக்கு ஆகுமா.

அவர் ஒன்றும் சொல்லாமல்
சியாட்டில் தாளையும் இரும்பையும் தூக்கிக்கொண்டு
கழுவுமிடத்துக்குப் போனார், நானும் பின்னால்.
சவரக் கண்ணாடிக்கு எதிரே தாங்கியைப் பிடித்தார்.
உள்ளே தெரிந்தது
ஒரு குறையும் இல்லாத தாங்கி.
"பார், இங்கே பொருந்துகிறது.
படகைத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்."
அவர் அப்போதே சிரித்துவிட்டார்.
எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.
சம்பளத்தில் பிடித்ததைச் சொல்லவில்லை.

புதிதாக வார்த்ததைப் பூட்டி
ஒரு வியாழக்கிழமை பார்தேலா போய்விட்டது.
பழையது, பதினோரு கிலோ,
என் சன்னல் திண்டில்
தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இன்று சாயங்காலம் மழை ஒரு மணி நேரம் விட்டது.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் இடுக்கு வழியாக
வெயில் தாழ்வாக உள்ளே வந்து
சுண்ணாம்புச் சுவரில்
தாங்கியின் நிழலைப் பதித்தது.
சூரியனும் கண்ணை என்னைப் போலவே
எண்ண முடியாத தொலைவில் வைத்திருக்கிறது.
சும்மா இருக்க முடியாமல்
சியாட்டில் தாளை எடுத்துப் போய்
நிழலின் மேல் ஒட்டிப் பிடித்தேன்.
துளைக்குத் துளை, சரிவுக்குச் சரிவு,
காது காதின் மேலேயே.
சூரியனுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

தாளைச் சுருட்டினேன்.
கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தேன்.