முகடு வரை போகாத சுவர்

தோட்டத்து ஆபீஸ் கழிவு ஏலத்தில்
ஐயாயிரத்துக்கு எடுத்த மடிக்கணினி.
திரையின் இடது மூலையில் விரிசல்,
ஒரு விசை இல்லை, மூடி ஆடும்.
பொகவந்தலாவையில் மழை பிடித்த மூன்றாம் நாள்
அதில் லினக்ஸ் ஏற்றினேன்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா.
நடுச்சுவர் ஒன்றும் முகடு வரை போகாது.
ஆறாவதில் இருமினால்
ஒன்பதாவதில் கொத்தமல்லி கொதிக்கும்.
பழைய எக்ஸ் பதினொன்றும் அப்படித்தான்:
ஒரு ஜன்னலில் நான் தட்டும் கடவுச்சொல்
அடுத்த ஜன்னலுக்குக் கேட்கும்,
அது காது கொடுத்தால் போதும்.
வஞ்சகம் இல்லை.
கட்டிய காலத்தில் யாரும் யாரையும்
சந்தேகிக்கவில்லை, அவ்வளவுதான்.
எங்கள் லயத்தைக் கட்டியவர்கள்
எங்களைப் பற்றி எதையுமே நினைக்கவில்லை.
அது வேறு.

படம் ஓட்ட ஒரு செயலி கேட்டேன்.
எண்ணூறு எம்பி இறங்கியது.
செயலி என்னவோ முப்பதுதான்,
மிச்சமெல்லாம் அதன் அரிசி, உப்பு, விறகு, அடுப்பு.
உன் வீட்டு உப்பைத் தொடமாட்டேன் என்று
மூட்டையோடு வந்து உட்கார்ந்தது பிளாட்பேக்.
டேட்டா தீர்ந்து திட்டினேன்.
பிறகு ஓர் இரவு
தூக்கக் கலக்கத்தில் எதையோ அழித்து
மற்றதெல்லாம் கவிழ்ந்து கிடந்தபோது
அது மட்டும் ஒரு மூலையில்
தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொண்டிருந்தது.
மன்னிப்புக் கேட்கவில்லை நான்.
திட்டுவதை நிறுத்தினேன்.

ஜெலிஃபின் வைத்தேன், லயம் முழுக்கப் பார்க்க.
நாலு கல்யாணம், இரண்டு சடங்கு,
சம்பளத்துக்காக ரோட்டை மறித்த நாள்,
தியோகு அண்ணனின் அடக்கம்.
செபஸ்தியம்மா கேட்டது அந்தக் கடைசியைத்தான்.
அவர் போனபோது
அவளுடைய பாஸ்போர்ட் குவைத்தில்
எஜமானியின் அலமாரிக்குள் இருந்தது.

புதுப் போனில் எடுத்த வீடியோ,
என் பழைய இரண்டு கோருக்குப் பிடிபடாத வடிவம்.
மாற்றி மாற்றி மூச்சு வாங்கியது.
பெட்டி சுமந்தவர்கள் தேயிலைக்குள்
நாலடி நடப்பார்கள், நிற்பார்கள்,
நடுவில் வட்டம் சுற்றும்,
மறுபடி நாலடி.
"நல்லதுதான்" என்றாள்,
"போய்ச் சேர நேரமாகட்டும்."
அன்றிரவே மாற்றி வைத்திருக்கலாம்.
பத்து நாள் அப்படியே விட்டேன்.

அடுத்த அப்டேட்டில் எக்ஸ் போய் வேலண்ட் வந்தது.
அந்த ஞாயிறு
கொழும்பிலிருந்து மகள் ரெஜினா அழைத்தாள்,
தானும் அம்மாவோடு சேர்ந்து பார்க்கவேண்டுமாம்.
பகிர் என்று அழுத்தினேன்.
சின்னதாய் ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது:
எதைக் காட்டலாம்?
முழுத் திரையா, ஒரு ஜன்னல் மட்டுமா, வேண்டாமா?

"யாரு கேக்குறது?"
கம்போசிட்டர் என்றேன்.
எல்லா ஜன்னலையும் அடுக்கி வைக்கும்,
ஒன்றின் கதையை இன்னொன்றிடம் சொல்லாது.
"நம்ம கணக்கப்புள்ள மாதிரியா?"
அதற்கு நேர் எதிர்.

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அந்தக் கேள்வியின் முன்னால்
தேத்தண்ணி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை,
இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.
பிறகு வேண்டாம் என்பதைத்
தானே தொட்டாள்.
"சிக்னல் இல்லம்மா" என்று
மகளிடம் சத்தமாகச் சொன்னாள்.
முகட்டுக்குக் கீழே சுற்றி
பன்னிரண்டு காம்பராவுக்கும் போனது அந்தப் பொய்.
ஒருவரும் திருத்தவில்லை.

ஐப்பசி இடியில் திரை செத்தது.
சர்வருக்கு முகம் தேவையில்லை,
அரிசிப் பெட்டிக்கு மேல் இருட்டில் ஓடுகிறது.
யார் எதை எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்று
எழுதி வைக்கும் பதிவேட்டை
நான் அணைத்துவிட்டேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு அவள் விழித்திருப்பது
எனக்குத் தெரிவது
இருமலால் மட்டும்.