சரிவுக்கு இருபது பவுண்டு

வீட்டின் பின்னால் வடக்கு பார்த்த சரிவு.
ஆடுகூட யோசித்துத்தான் ஏறும்.
உச்சியில் ஒரு சிக்கமோர் மரம்.
ஜூன் மாத நடுப்பகலிலும்
அதன் அடியில் மணி மாலை ஆறு.

பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவியதில்
அந்த மாதம் மிஞ்சியது இருபத்தாறு.
கேஸ் மீட்டருக்கு ஆறு.
மீதியை உறையில் போட்டு
"சரிவு" என்று எழுதி
டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன்,
என்னிடமிருந்துதான்.

முதல் தவறு விதை.
இரண்டு பவுண்டுக்கு ஆயிரம் ஃபாக்ஸ்குளோவ் என்றதும்
பட்டத்து ராணி மாதிரி வாரி இறைத்தேன்.
மேலே ஆறு பவுண்டு எரு.
அன்றிரவே மழை.
ரோந்தாப் பள்ளத்தாக்கின் மழை நேராக விழாது,
சாய்ந்துதான் வரும்,
சரிவைக் கண்டால் தாயாதியைக் கண்ட மாதிரி
உள்ளே புகுந்து பாகம் கேட்கும்.
விடிந்து பார்த்தால்
என் விதை, என் எரு, என் முதுகுவலி எல்லாமே
கீழ்வீட்டு எம்லின் புரோசரின் முற்றத்தில்.
அவர் துடைப்பத்தோடு நின்றார்.
"மண்ணை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளலாமே."
பதினோரு வருடத்தில் என்னிடம் அவர் பேசிய
மிக நீளமான வாக்கியம் அது.

அதற்குப் பிறகு எதையும் இறைக்கவில்லை.
இரட்டைக் கட்டிலைப் பிரித்தேன்
(ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு மரம்).
அதன் சட்டங்களைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கவைத்து
முளை அடித்தேன்.
காப்பிக் கடை வாசலில் எறிந்த சாக்குகளை
மண்ணுக்குப் போர்த்தினேன்.
குழிக்குக் குழி கீழ்விளிம்பை உயர்த்தி
ஒரு உதடு வைத்தேன்,
ஓடுகிற தண்ணீர்
ஒரு வாயாவது நின்று கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று.
சாகக்கிடந்த பெரணி மூன்று, தள்ளுபடி அலமாரியில்,
ஒன்று ஐம்பது பென்ஸ்.
சமையலறை ஒல்வென் தன் ஹோஸ்டாவை
ரொட்டிக் கத்தியால் இரண்டாக அறுத்துப் பாதி தந்தாள்.
நத்தைகளுக்கு, வேலிக்கம்பியில்
செம்மறிகள் விட்டுப்போன கம்பளி.
சிக்கமோர் வேர் மட்டும் விடவில்லை,
மண்வெட்டிக் காம்பை முறித்தது.
ஏழு பவுண்டு. கணக்கில் இல்லாத ஏழு.

குளிர்காலம் பூராவும் அது தோட்டம் மாதிரி இல்லை.
கரை ஒதுங்கிய படகு மாதிரி இருந்தது.
பெரணி ஒன்று செத்தே போயிற்று.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு
மதில் விளிம்பில் ஏணி முட்டும் சத்தம்.
முதலில் ஒரு வாளி ஏறி வந்தது,
அதன் பின்னால் எம்லினின் தொப்பி.
வாளி நிறையத் தயிர்க் கோப்பைகள்.
கோப்பைக்கு ஒன்றாக,
முயல்காது மாதிரி சொரசொரத்த இலைகளோடு
ஃபாக்ஸ்குளோவ்.
"என் சிமெண்ட் விரிசலில் முளைத்தது.
பத்தொன்பது. எண்ணினேன்.
இரண்டை நான் வைத்துக்கொண்டேன்."
கூட்டித் தள்ளியிருப்பார் என்றுதான்
இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.
நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள்
தொப்பி இறங்கிவிட்டது.
ஏணி மட்டும் கொஞ்சம் நேரம் அங்கேயே சாய்ந்திருந்தது,
எடுக்க மறந்தாரோ என்னவோ.

பதினேழையும் கட்டில் சட்டங்களுக்கு மேலே நட்டேன்.
இந்த வருடம் பூக்கும். இல்லாவிட்டால் இலை,
அதுவும் பச்சைதானே.

உறையில் மூன்றரை பவுண்டு பாக்கி.
அதற்கு இன்று
ஒரு விதைப் பொட்டலம் வாங்கினேன், ப்ரிம்ரோஸ்.
வானிலை அறிக்கையில்
வியாழன் இரவு கனமழை.
வியாழன் சாயங்காலம்
சிக்கமோர் அடியில் நின்று
இறைக்கலாம் என்றிருக்கிறேன்.